பிசுக்கு

மூன்று மாதமாகப் பூட்டிக் கிடந்த வீடு என்றுதான் புரோக்கர் சொல்லியிருந்தார். ஆனால் சாவியைத் திருப்பிக் கதவைத் தள்ளியதும் உள்ளேயிருந்து முகத்தில் வந்து மோதியது, அன்று காலைவரை யாரோ தலைவைத்துப் படுத்திருந்த தலையணை உறையின் வாடை.

பூட்டிய வீடுகளின் நாற்றம் அவளுக்கு அந்த வருஷத்தில் அத்துப்படியாகியிருந்தது. தூசி, எலிப்புழுக்கை, துருப்பிடித்த குழாய், ஜன்னலோரம் காய்ந்து ஒட்டிக்கிடக்கும் பல்லி. இது அந்த வகையில் சேரவில்லை. வெதுவெதுப்பாக, லேசாகப் புளித்து, ஆள் வாடை அடித்தது. கணவனைப் பார்த்தாள். அவன் கூரையை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தான். ஒழுகிய தடம் எங்கும் இல்லை. அவனுக்கு அது போதுமாக இருந்தது.

"யாராவது இங்க வந்து போறாங்களா?" என்று கேட்டாள்.

"சாவி என்கிட்ட மட்டும்தான்மா இருக்கு." புரோக்கர் வாசலிலேயே நின்றார். "நீங்க சாவகாசமா சுத்திப் பாருங்க. எனக்கு முட்டி வலி."

அந்த வீட்டுக்குள் ஏறுவதற்கு ஒரு படிகூடக் கிடையாது.

நகரத்தில் இருந்த வீட்டை, சொந்தக்காரரின் மகனுக்குக் கல்யாணம் என்று காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். அன்றிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் மகளையும் இழுத்துக்கொண்டு ரயிலேறி, ஒரு ஸ்டேஷனில் தேடித் தீர்ந்ததும் அதற்கடுத்த ஸ்டேஷனில் இறங்கி வீடு தேடினார்கள். முதல் ஸ்டேஷனில் வாடகையைக் கேட்டதும் கணவன் தண்ணீர் வாங்கிக் குடித்தான். அதற்கடுத்த இடத்தில் குளியலறைக்குள் நின்றால் கதவைச் சாத்த முடியாது, கதவைச் சாத்தினால் உள்ளே நிற்க முடியாது. இன்னொரு வீட்டுக்கார அம்மாள், பிள்ளை அழுமா, அழுதால் எவ்வளவு சத்தமாக அழும் என்று விசாரித்தாள். "இப்படியே போனா இன்னும் நாலு ஸ்டேஷன்ல நான் பொறந்த ஊரே வந்துடும்," என்று கணவன் சிரித்தான். அதற்குப் பிறகு வந்த ஞாயிறுகளில் அவன் சிரிக்கவில்லை.

இது கடைசிக்கு முந்திய ஸ்டேஷன். ஒரே அச்சில் வார்த்தெடுத்த மாதிரி வரிசை வரிசையாக வீடுகள். இரண்டு வீட்டுக்கு நடுவில் ஒரே சுவர். ஹால், படுக்கையறை, சமையலறை, பின்னால் துணி காயப்போட இடம். காலை ரயிலில் உட்கார்ந்துகொண்டே வேலைக்குப் போகலாம். வாடகையோ, அவர்கள் பயந்துகொண்டிருந்ததில் பாதி.

"நாத்தம்தானே? ஜன்னலைத் திறந்து போட்டா போயிடும்," என்றான் கணவன். அவள் தலையாட்டினாள். அலைந்து அலைந்து அவளுக்கும் அலுத்துப்போயிருந்தது.

போகவில்லை. ஜன்னல்களைத் திறந்துவைத்தாள், தரையைப் பினாயில் ஊற்றி மூன்று தடவை கழுவினாள், அலமாரிகளுக்குள் சோப்புத் துண்டுகளைப் போட்டுவைத்தாள். பகலெல்லாம் எங்கோ பதுங்கிக்கிடந்துவிட்டு, விளக்கு வைக்கும் நேரத்தில், சமையல் வாசனையையும் மீறிக்கொண்டு, முதல் நாள் வந்த அதே வெதுவெதுப்போடு அந்த வாடை ஹாலில் வந்து நிற்கும். குடத்துத் தண்ணீரைக் குடித்தால் அதிலும் இருக்கிற மாதிரி இருந்தது.

ஒரு பெரிய ஹோட்டலின் சலவைப் பிரிவில் கறை எடுப்பது அவள் வேலை. மெஷினுக்குள் போகும் முன் ஒவ்வொரு துணியையும் விளக்கடியில் விரித்து, என்ன கறை என்று கண்டுபிடிக்க வேண்டும். ரத்தத்துக்குச் சுடுநீர் காட்டக் கூடாது. துருவுக்கு ஒரு மருந்து, மைக்கு ஒரு மருந்து. கட்டைவிரலால் தடவி மூக்கருகே கொண்டுபோனாலே சொல்லிவிடுவாள். ஊர் பேர் தெரியாதவர்களின் படுக்கை விரிப்புகளை நாள் முழுக்கப் புரட்டியதில், அருவருப்பு என்ற ஒன்று தன்னைவிட்டுப் போயே போய்விட்டது என்று நினைத்திருந்தாள்.

குடிவந்த வாரத்தின் ஞாயிறு மாலை, வெயில் ஜன்னல் வழியாகச் சாய்ந்து விழுந்தபோது, அடுத்த வீட்டோடு சேர்ந்திருந்த நீளச் சுவர் ஓர் உயரத்தில் மட்டும் பளபளத்தது. பக்கத்தில் போனாள். கட்டைவிரலால் தடவினாள். வழுக்கியது. முகர்ந்தாள்.

சட்டைக் காலர்.

காலரின் உள்பக்கம் கழுத்து உரசி உரசி, மஞ்சளாகிப் பழுப்பாகிப் படிந்துபோகுமே, அந்தப் பிசுக்கு. வியர்வையும் எண்ணெயும் செத்த தோலும் குழைந்தது. சுவரில் சாய்ந்து உட்காருகிறவர்கள் இருக்கும் வீட்டில் அப்படிப் படிவது உண்டுதான். ஆனால் அது உட்கார்ந்தவர் தலை உயரத்தில், பின்னந்தலை அளவுக்கு வட்டமாக இருக்கும். இது நிற்கிற ஆள் உயரத்தில் இருந்தது. வட்டமாகவும் இல்லை. மேலே அகலமாக ஒரு நெற்றி. இரண்டு பக்கமும் கன்னமேடு. நடுவில் மூக்கு நுனி பதிந்த புள்ளி. அதற்குக் கீழே, மற்ற இடங்களைவிடக் கறுத்து, இன்னும் ஈரம் காயாமல், உதடு.

ஒன்றில்லை. ஒன்றன்மேல் ஒன்றாக, ஒன்றையொன்று இடித்துக்கொண்டு, சுவரின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை முகங்கள். அவளைவிட உயரமாகச் சில. அவள் இடுப்புக்குக் கொஞ்சம் மேலே ஒன்று.

வெந்நீர் வைத்தாள். சோப்பைக் கரைத்து, காலர் தேய்க்கிற கடின பிரஷ்ஷை எடுத்து, தேய்க்க ஆரம்பித்தாள். நுரை மஞ்சளாக வழிந்து முழங்கைவரை இறங்கியது. வழித்துப் போட்ட துணியில் குட்டைக் குட்டையாக முடி ஒட்டியிருந்தது. தலைமுடி அவ்வளவு குட்டையாக, அவ்வளவு வளைவாக இருக்காது. புருவமுடி. இமைமுடி. நகக்கண்ணில் புகுந்த பிசுக்கை நோண்டி எடுத்தபோது அது பாலாடை மாதிரி சுருண்டு வந்தது. அழுத்தித் தேய்த்த இடத்தில் சுவர், பிரஷ்ஷுக்கு லேசாக அமுங்கிக் கொடுத்தது. அதற்குமேல் அவளால் தாங்க முடியவில்லை. வாயைப் பொத்திக்கொண்டு பின்பக்கம் ஓடிப்போய்க் குடலே வெளியே வருகிறாற்போல வாந்தியெடுத்தாள்.

"முன்னாடி இருந்தவங்க சுத்தமில்லாதவங்க போல," என்றான் கணவன். "பெயின்ட் அடிச்சிடலாம், விடு."

அடித்தான். வெள்ளைப் பெயின்ட் காய்ந்த அடுத்த வாரமே, பலகாரம் மடித்த காகிதத்தில் எண்ணெய் ஊறுவது போல, உள்ளிருந்து முகங்கள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன.

அவன் லிஃப்ட் மெக்கானிக். வேலை முடிந்து வரும்போது கை முழுக்கக் கறுப்பு கிரீஸ் இருக்கும். அந்தக் கிரீஸ் வாசனை கல்யாணமான நாளிலிருந்து அவளுக்குப் பழக்கம், பிடித்தமும்கூட. இப்போது அவன் சட்டையை உதறினால் கிரீஸுக்கு அடியில் அந்த வாடை அடித்தது. ஆனால் அவன் சந்தோஷமாக இருந்தான். நாளெல்லாம் இருட்டுக் குழிக்குள் நின்று மோட்டார் சத்தம் கேட்டு வரும் தலைவலி, இந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து இல்லவே இல்லை என்றான். படுத்ததும் தூங்கிப்போனான்.

ஒரு நாள் சாயங்காலம் சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தபோது அவன் ஹாலில் நின்றுகொண்டிருந்தான். சுவரைப் பார்த்தபடி. நெற்றி சுவரில் சாய்ந்திருந்தது. கைகள் இரண்டும் பக்கவாட்டில் தொங்கின. கண் திறந்தே இருந்தது.

"என்ன பண்றீங்க?"

"சும்மா. ஜில்லுன்னு இருக்கு."

அவன் நகர்ந்ததும் அந்த இடத்தில் உள்ளங்கையை வைத்தாள். ஜில்லென்று இல்லை. காய்ச்சல் கண்ட குழந்தையின் வயிறு மாதிரி கொதித்தது.

அதற்குப் பிறகு அவள் கட்டிலை அந்தச் சுவரிலிருந்து இழுத்துப் போட்டாள், மகளின் பாயையும் தள்ளிப் போட்டாள். வீட்டில் முதுகைக் காட்டாமல் நடக்கப் பழகிக்கொண்டாள். சாப்பாட்டுத் தட்டில் கை வைத்தால் விரல் வழுக்குகிற மாதிரி இருந்தது. வேலைக்குப் போகும் முன் இரண்டு முறை குளித்தாள். அப்படியும் ஹோட்டலில், விளக்கடியில் அவளோடு வேலை பார்க்கிறவள் ஒரு நாள் தயங்கித் தயங்கிக் கேட்டாள்: "ஒண்ணு கேட்டா தப்பா நினைக்க மாட்டியே? வீட்ல தண்ணி வரலையா?"

அன்று காலைதான் ரயிலில் அதைக் கவனித்திருந்தாள். ஏறியவுடன் உட்கார இடம் கிடைப்பதால் அதுவரை நிமிர்ந்து யாரையும் பார்த்ததில்லை. கண்ணை மூடிவிடுவாள். அன்று தூக்கம் வராமல் எதிர் இருக்கையைப் பார்த்தாள். டிபன் பையை மடியில் வைத்துக்கொண்டு ஒருவர். அவருக்குப் புருவம் இல்லை. சிலருக்கு அப்படி இருக்கும் என்று நினைத்து, அவருக்குப் பக்கத்திலிருந்த பெண்ணைப் பார்த்தாள். அவளுக்குப் புருவம் இருந்தது. மையால் வரைந்த புருவம். அதற்கடுத்த ஆள். ஜன்னலோரம் தூங்குகிற கல்லூரிப் பையன். கதவருகே நிற்கிற செக்யூரிட்டி. எல்லோருடைய நெற்றியும் கண்ணாடிக் குண்டு மாதிரி மின்னியது. எல்லோருடைய மூக்கு நுனியும் கொஞ்சம் மழுங்கியிருந்தது, குளியலறையில் கிடந்து தேய்ந்த சோப்புக் கட்டி மாதிரி. அடுத்த ஸ்டேஷனில் ஏறியவர்கள் வழக்கமான முகங்களோடு இருந்தார்கள். அவர்கள் இந்த இருக்கைகளின் பக்கம் வராமல், மூக்கைத் தேய்த்துக்கொண்டு, அடுத்த பெட்டிக்கு நகர்ந்தார்கள்.

அன்று சாயங்காலம் அடுத்த வீட்டு அக்காவைப் போய்ப் பார்த்தாள். பள்ளிவிட்டு வரும் மகளை, இவள் வேலையிலிருந்து திரும்பும்வரை அந்த அக்காதான் பார்த்துக்கொள்வாள். பிள்ளை இல்லாதவள், பிரியமானவள், எப்போதும் தலையில் துண்டைக் கட்டிப் புருவம்வரை இழுத்துவிட்டிருப்பாள்.

"அக்கா, இந்த நடுச்சுவர் உங்க பக்கமும் இப்படித்தான் இருக்கா?"

அக்கா கதவை முழுசாகத் திறக்கவில்லை. "புதுசுல எல்லாருக்கும் ஒரு மாதிரிதாம்மா இருக்கும். அப்புறம் பழகிடும். வாடகை ஏத்தவே மாட்டாங்க தெரியுமா? நான் வந்ததுலேர்ந்து ஏத்தல." அவள் தோளுக்கு மேலாக ஹால் தெரிந்தது. நாற்காலி, பீரோ, துணிக்கூடை எல்லாமே எதிர்ப்பக்கம் ஒதுக்கி வைக்கப்பட்டிருந்தன. அந்தச் சுவருக்கு முன்னால் மட்டும் வெறுந்தரை. தரையில், சுவரோரம், ஒரு சின்ன மரப்பலகை.

பலகை எதற்கென்று அவள் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்து மகளை மடியில் இழுத்துப் போட்டு, விளக்கைக் கிட்டத்தில் பிடித்துக்கொண்டு முகத்தைப் பார்த்தாள். இடது புருவத்தில் நடுவில் ஓர் இடைவெளி விழுந்திருந்தது. நெற்றியைத் தடவினாள். விரல் வழுக்கியது.

"குட்டி, பக்கத்து வீட்டு அத்தைகூட என்ன விளையாடுவே?"

"விளையாட மாட்டோம்மா."

"பின்ன?"

மகள் யோசித்தாள். "சும்மா நிப்போம்."

கணவனிடம் சொன்னாள். அழாமல், கத்தாமல், ஒவ்வொன்றாக எடுத்துச் சொன்னாள். அவன் பொறுமையாகக் கேட்டான். "எங்க போறது, சொல்லு?" என்றான். "ஒரு வருஷமா நாயா அலைஞ்சோமே, மறந்துட்டியா? இந்த வாடகைக்கு வேற எங்க கிடைக்கும்?" பேச்சுவாக்கில் அவன் நகர்ந்து நகர்ந்து சுவர்ப் பக்கம் போய்விட்டிருந்தான்.

மறுநாள் வேலைக்கு நடுவில் தங்கைக்கு போன் செய்தாள். தங்கை நகரத்தில் ஒற்றை அறையில் இருந்தாள். "அதுக்கென்னக்கா, ரெண்டு பேரும் வாங்க. கால் மேல கால் போட்டுப் படுத்துக்கலாம்," என்றாள். அதைக் கேட்டதும் அவளுக்கு உடம்பெல்லாம் லேசாகிவிட்டது. வயிற்று வலி என்று சூப்பர்வைசரிடம் சொல்லிவிட்டு, மதிய ரயிலைப் பிடித்தாள்.

மழை பெய்து ஓய்ந்திருந்தது. ஸ்டேஷனிலிருந்து வரும் தெரு முழுக்கத் தேங்கிய தண்ணீர். பகல் நேரத்தில் அவள் அந்தத் தெருவைப் பார்த்ததே இல்லை. ஒரு டி.வி. சத்தம் இல்லை, பாத்திரம் கழுவும் சத்தம் இல்லை, ஒரு பிள்ளையின் அழுகை இல்லை. கதவுகள் மட்டும் திறந்திருந்தன. கூர்ந்து கேட்டபோது அந்த அமைதிக்கு அடியில் ஏதோ இருந்தது. ஒவ்வொரு வீட்டிலிருந்தும். சின்னச் சின்னதாக, ஈரமாக. பால்குடிக்கும் பிள்ளைகளின் சத்தம் மாதிரி.

அக்கா வீட்டுக் கதவும் திறந்திருந்தது.

இருவரும் நின்றுகொண்டிருந்தார்கள். அக்கா தலைத்துண்டை அவிழ்த்திருந்தாள். பக்கத்தில், பலகை மேல், பள்ளிச் சீருடையில், மகள். முகம் சுவரில். மூக்கு சுவரில். உதடு சுவரில். கன்னம் அசைந்துகொண்டிருந்தது.

"குட்டி."

திரும்பவில்லை.

ஓடிப்போய் இடுப்பைப் பிடித்து இழுத்தாள். வரவில்லை. இன்னும் பலமாக இழுத்தாள். அப்போது சுவர் வந்தது. பிள்ளையின் முகத்தோடு ஒட்டிக்கொண்டு, பழைய கட்டுத்துணி மாதிரி, வெதுவெதுப்பாக, மஞ்சளாக, நீண்டுகொண்டே வந்தது. ஒரு காலைச் சுவரில் ஊன்றி உதைத்தாள். செருப்பு அமுங்கியது. மறுபடி இழுத்தாள். சடக்கென்று கிழிந்தது. மகளோடு பின்னால் போய் விழுந்தாள். கிழிந்து வந்த பட்டை அவள் கழுத்திலும் தோளிலும் சளக்கென்று படிந்தது.

அக்கா கண்ணைத் திறக்காமலே சொன்னாள்: "பார்த்தும்மா. வீணாக்காதே."

மகளைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். துணிமணி எடுக்கவில்லை, கதவைப் பூட்டவில்லை. ஓட ஓட, கழுத்தில் ஒட்டியிருந்ததைப் பிய்த்துப் பிய்த்துப் போடப் பார்த்தாள். நகம் வழுக்கியது. தேங்கிய தண்ணீரை அள்ளி அள்ளித் தேய்த்தாள். அது உதிரவில்லை, தோலோடு தோலாகப் பரவியது. விளிம்பு எங்கே என்றே கைக்குத் தெரியவில்லை. அந்த வாடை இப்போது அவளிடமிருந்தே வந்தது. மகள் இடுப்பில் சுரணையில்லாமல் தொங்கினாள். ஒரு புருவம்தான் மிச்சம் இருந்தது.

நகரத்துக்குப் போகும் ரயில் தாமதம் என்று ஸ்டேஷனில் சொன்னார்கள். பிளாட்பாரத்தின் நடுவில், எந்தச் சுவரும் தூணும் பக்கத்தில் இல்லாத இடமாகப் பார்த்து நின்றாள். இருட்டத் தொடங்கியிருந்தது. விளக்குகள் மினுக்கி மினுக்கி எரிந்தன. எதிர்த்திசையிலிருந்து, வேலை முடிந்து வருகிறவர்களோடு, சாயங்கால ரயில் முதலில் வந்து நின்றது.

கதவுகளிலிருந்து கூட்டம் இறங்கியது. டிபன் பைகள், குடைகள், மின்னும் நெற்றிகள். வீட்டுக்குப் போகிற அவசரத்தில் எல்லோருடைய உதடும் லேசாகப் பிரிந்திருந்தது. அவர்களுக்கு நடுவில் கணவனைப் பார்த்ததும் அதுவரை அடக்கிவைத்திருந்ததெல்லாம் உடைந்தது.

"என்னங்க! இங்க இருக்க வேண்டாங்க. இப்படியே தங்கச்சி வீட்டுக்குப் போயிடலாம். கேள்வி கேட்காதீங்க, தயவுசெஞ்சு."

அவன் அவளைப் பார்த்தான். மகளைப் பார்த்தான். அவள் கழுத்தைப் பார்த்தான்.

"சரி," என்றான், மிகவும் மெதுவாக. "போலாம். அழாதே. போலாம்."

கிட்டத்தில் வந்து, கைகளைத் தொங்கவிட்டபடி, நெற்றியை அவள் கழுத்தோரம் சாய்த்தான். எத்தனை மாதமாயிற்று அவன் இப்படி வந்து சாய்ந்து. தேம்பினாள். ஒரு கையால் அவன் தலையைப் பிடித்துக்கொண்டாள். அவன் உதடு அவள் தோளில் அசைந்தது. ஏதோ ஆறுதல் சொல்கிறான் என்று நினைத்தாள். காது கொடுத்துக் கேட்டாள்.

சொல் எதுவும் இல்லை.

சப்பிக்கொண்டிருந்தான்.

தள்ளினாள். அவன் அசையவில்லை. இடுப்பிலிருந்த மகள் முழித்துக்கொண்டாள். முகத்தை அவள் நெஞ்சில் புதைத்து, வாயைத் திறந்து, ஒட்டிக்கொண்டாள். அவள் தோல் அமுங்கிக் கொடுத்தது.

படிக்கட்டுப் பக்கம் போய்க்கொண்டிருந்த கூட்டம் நின்றது. ஒவ்வொரு தலையாகத் திரும்பியது. மழுங்கிய மூக்குகள் காற்றை முகர்ந்தன. பிறகு அவர்கள் வந்தார்கள், இடிக்காமல், அவசரப்படாமல், காலை ரயிலில் இடம்பிடிக்கிறவர்களின் அதே மரியாதையோடு.

"கொஞ்சம் தள்ளிக்கங்க சார்."

"அந்தப் பக்கம் இடம் இருக்கு பாருங்க."

முதுகில் ஒன்று. பிடரியில் ஒன்று. முழங்கையில். விலாவில். வெதுவெதுப்பாக. வழவழப்பாக. பின்னால் எங்கோ நகரத்து ரயில் வந்து, நின்று, கதவு திறந்து, கிளம்பிப் போனது. அவள் கத்துவதற்கு வாயைத் திறந்தாள்.

அங்கேயும் ஒரு நெற்றி வந்து சாய்ந்தது.